கண்ணைப் பார்த்து நடுங்கள்: மண்ணுக்கடியில் கிளைக்கும் பயிர்களுக்குப் புதியவர் வழிகாட்டி

வைகாசி பிறந்ததும் ஈரோடு மாவட்டத்தில் கொடுமுடி, சிவகிரி, அரச்சலூர்ப் பக்கம் தோட்டத்து மரத்தடியில் விதை மஞ்சள் குவியலைப் பிரிப்பார்கள். மேலே பூசிய மண்ணைத் தட்டி உடைத்து, மஞ்சள் செடியின் காய்ந்த தாளை விலக்கினால், உள்ளே கிடக்கும் கிழங்குகளில் பாதிக்கு மேல் முளைவிட்டிருக்கும். அதற்குத் தண்ணீர் காட்டியவர் யாரும் இல்லை. மூன்று மாதம் இருட்டில் சும்மா கிடந்த கிழங்கு, காலம் வந்ததும் தானே எழுந்திருக்கும்.

அந்தக் குவியலைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து விதை பொறுக்குவார்கள். நான் முதலில் உட்கார்ந்தபோது எனக்கு எட்டு வயதிருக்கும். பெரிய பெரிய கிழங்காகப் பார்த்துக் கூடையை நிரப்பினேன். அம்மிச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, அதில் பாதியை எடுத்து வேறு பக்கம் போட்டுவிட்டு, "பெருசாப் பாக்காத, கண்ணப் பாத்து எடு கண்ணு" என்றார். கிழங்கில் கண் எது, அதை ஏன் பார்க்க வேண்டும் என்று புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. நகரத்து வேலையிலிருந்து ஊர்க்காட்டுக்குத் திரும்பியவர்களுக்கும், மாடியில் நாலு பை வைத்து வளர்க்க நினைப்பவர்களுக்கும் அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது வேரா தண்டா என்று பாருங்கள்

ஒரு பச்சை மஞ்சள் விரலை எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடை விரலி மஞ்சள் உதவாது. அது கொப்பரையில் வேகவைத்து, களத்தில் காயவைத்து, மெருகு போட்டு வந்தது. அதில் உயிர் இல்லை. அதை வாங்கி நட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தை மாதத்தில் பொங்கல் பானைக்குக் கட்டும் மஞ்சள் கொத்து கிடைத்தால் அதிலிருந்து ஒரு கிழங்கு போதும்.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரலைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒரு கணு. கரும்பில் பார்க்கிற அதே கணுதான், இங்கே நெருங்கி நெருங்கி இருக்கிறது. வளையத்தில் காகிதம் போல ஒட்டியிருக்கும் பழுப்புச் சருகை நகத்தால் மெதுவாக உரியுங்கள். அது ஒரு இலை. வெயிலே படாததால் பச்சை இல்லாமல் செதிலாகச் சுருங்கிய இலை. அந்தச் செதிலின் கக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு வெளிறிய ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் கண். விரலின் நுனியில் கூம்பாக நிற்பது இன்னும் பெரிய கண்.

கணு, செதிலிலை, மொட்டு மூன்றும் இருந்தால் அது தண்டு. மண்ணுக்குள் இருப்பதாலேயே ஒன்று வேராகிவிடாது. வேருக்குக் கணு கிடையாது, கண்ணும் கிடையாது. மஞ்சளின் உண்மையான வேர், அந்தத் தண்டிலிருந்து கீழே இறங்கும் வெள்ளை நார்கள்தான். மேலே இரண்டு மூன்றடி உயரத்துக்குத் தண்டு போல நிற்பதோ, இலைகளின் அடியுறைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கும் பொய்த்தண்டு. நெட்டுக்குத்தாக நிற்க வேண்டிய தண்டு மண்ணுக்குள் படுத்துக்கொண்டு, சோற்றையும் அங்கேயே சேமித்து வைத்திருக்கிறது.

பாடப்புத்தகம் இவற்றைத் தரைகீழ்த் தண்டுகள் என்று சொல்லி, நான்கு வகையாகப் பிரிக்கும். மஞ்சளும் இஞ்சியும் மட்டநிலத்தண்டு. உருளை, கிழங்கு என்ற வகை. சேனை, சேம்பு கந்தம். வெங்காயம், பூண்டு குமிழம். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் கண் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இதே சோதனையைக் குச்சிக்கிழங்கில் செய்து பாருங்கள். மரவள்ளியைத்தான் நம் பக்கம் அப்படிச் சொல்கிறோம். தோலைச் சுற்றி எங்கே தேடினாலும் கண் இருக்காது, ஏனென்றால் அது வேர். அதனால்தான் அந்தப் பயிரில் கிழங்கை நடுவதில்லை, மேலே உள்ள குச்சியைச் சாண் நீளத்துக்கு வெட்டி நடுகிறோம். சர்க்கரைவள்ளியும் வேர்க்கிழங்குதான், அதற்குக் கொடியை வெட்டி நடுவார்கள். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கிழங்கு என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் பயன்படுத்திவிட்டோம்.

நடுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்

நெல்லிலோ துவரையிலோ விதை என்பது மகரந்தமும் சூலும் சேர்ந்து உண்டான பிள்ளை. தாயையும் கொஞ்சம் கொள்ளும், தகப்பனையும் கொஞ்சம் கொள்ளும். நாம் "விதை மஞ்சள்" என்று சொல்வது அந்த வகை விதை இல்லை. அது தாயின் உடம்பிலிருந்து உடைத்த ஒரு துண்டு. அதிலிருந்து வளர்வது தாயின் அச்சு அசல் நகல். பாலிலா இனப்பெருக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

மஞ்சளுக்குப் பெரும்பாலும் வேறு வழியும் இல்லை. அதன் செல்லில் குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக, மொத்தம் 63 உள்ளன. மூன்றை இரண்டு சம பங்காகப் பிரிக்க முடியாதல்லவா? அதனால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாவதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் இலைகளுக்கு நடுவே மஞ்சள் பூப்பதைப் பார்க்கலாம். பூக்கும், பெரும்பாலும் விதை கட்டாது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் தாங்கிய நாட்டு ரகம் இத்தனை காலமும் கையால் உடைத்து உடைத்துத்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நாம் நடும் விரல், யாரோ ஒருவர் பல தலைமுறைக்கு முன் காலிங்கராயன் வாய்க்கால் கரையில் நட்ட அதே செடியின் தொடர்ச்சியாகக்கூட இருக்கலாம். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் கிழங்கு கொஞ்சம் கனப்பது போல இருக்கும்.

இதில் நமக்கு வேண்டிய பாடம் இரண்டு. நல்ல செடியிலிருந்து எடுத்தால் அந்த நல்லது அத்தனையும் அப்படியே வரும். நோயுள்ள செடியிலிருந்து எடுத்தால் அந்த நோயும் கிழங்கோடு சேர்ந்து வரும். விதை வழிப் பயிர்களில் பல நோய்கள் தாயோடு நின்றுவிடும். இங்கே நாம் நடுவதே தாயின் உடம்பு என்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவு.

ஒரே ஒரு பையில் தொடங்குங்கள்

ஏக்கர் கணக்கில் இறங்குவதற்கு முன் ஒரு பையில் ஒரு கிழங்கை வளர்த்துப் பாருங்கள். நிலம் வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ஒரு கிழங்கு மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் பாதிச் சந்தேகம் வராது.

விரல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அழுத்தினால் கல்லு மாதிரி இருக்க வேண்டும். சுருங்கியது, ஓரத்தில் மெத்தென்று அமுங்குவது, வெள்ளைப் பொடி போலச் செதில்பூச்சி ஒட்டியது எல்லாம் வேண்டாம். ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரே சீராக ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்பு வளையமோ கறுத்த புள்ளியோ தெரிந்தால் அந்தக் கொத்தையே தள்ளிவிடுங்கள். ஒரு துண்டில் இரண்டு நல்ல கண்ணாவது இருக்கட்டும். 20 முதல் 30 கிராம் எடை போதும்.

வெட்டுவதாக இருந்தால் கத்தியைச் சுட்டோ, கழுவித் துடைத்தோ வெட்டுங்கள். வெட்டுவாய் ஈரமாக இருக்கும்போதே மண்ணில் வைத்தால் அழுகல் அதன் வழியாகத்தான் நுழையும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அப்புறம் நடுங்கள். சூடோமோனாஸ் என்பது நன்மை செய்யும் ஒரு பாக்டீரியா. அழுகல் பூசணம் வந்து உட்காருவதற்குள் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பையில் முக்கால் அளவு மட்டும் நிரப்புங்கள், மீதி இடம் பின்னால் வேண்டும். கண் மேலே பார்க்க, இரண்டு விரல்கடை ஆழத்தில் கிழங்கைப் படுக்க வையுங்கள். தலைகீழாக வைத்தாலும் முளை வளைந்து மேலேதான் வரும். ஆனால் அந்த வளைவுக்கு அது சேமித்து வைத்த சோற்றைச் செலவழிக்கும்.

பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பச்சை ஊசி ஒன்று மண்ணைக் கீறிக்கொண்டு வரும். அதுவரை மண் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. இலை விரிந்து தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் வரை, முளைக்குச் சோறு போடுவது நீங்கள் நட்ட துண்டுதான். அதனால்தான் துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் செடி நோஞ்சானாக வருகிறது.

இரண்டாவது மாதம் ஓய்ந்த ஒரு காலை நேரத்தில், செடியின் அடியிலிருந்து மண்ணை விரலால் மெல்ல ஒதுக்கிப் பாருங்கள். மம்முட்டி, கரண்டி எதுவும் வேண்டாம். நட்ட விரல் கொஞ்சம் சுருங்கிக் கிடக்கும். அதன் கண்ணிலிருந்து எழுந்த முளையின் அடிப்பாகம் உருண்டு பருக்கத் தொடங்கியிருக்கும். இதுதான் புதிய தாய்க்கிழங்கு. அதன் கணுக்களில் அங்கங்கே வெள்ளை மூக்குகள் துருத்தும். அவற்றில் சில மேலே திரும்பிப் புதிய தூராக எழும். மற்றவை பக்கவாட்டில் நீண்டு விரல்களாகும். விரல்களின் கண்ணிலிருந்து இன்னும் சின்ன விரல்கள் கிளம்பும். மேலே மரம் கிளைப்பது போலவே கீழே இது கிளைக்கிறது. பார்த்ததும் மண்ணை மூடிவிடுங்கள்.

பையில் விட்டுவைத்த கால் பங்கு இடம் இப்போது உதவும். இரண்டாம் மாதமும் நான்காம் மாதமும் தொழுவுரம் கலந்த மண்ணை அடியில் அணைக்க வேண்டும். விரல்கள் வெளிச்சம் பட்டால் பச்சை கட்டி, கிழங்காகப் பருப்பதற்குப் பதிலாக முளையாக எழுந்துவிடும். தண்டு என்பதால் வெளிச்சத்தைக் கண்டால் அதன் பழைய புத்தி திரும்பிவிடும். அதை இருட்டிலேயே வைத்திருப்பதுதான் மண் அணைப்பின் வேலை.

நிலத்தில் செய்வோருக்கு: ஒன்றரை அடிக்கு ஒரு பார் (மண் வரப்பு) பிடித்து, அரையடிக்கு ஒரு கிழங்கு வைப்பார்கள். ஏக்கருக்கு விதை ஏறக்குறைய 600 முதல் 800 கிலோ ஆகும், செலவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். இதைக் குறைக்க ஒற்றைக் கண் நாற்று முறை வந்திருக்கிறது. 5 முதல் 7 கிராம் எடையில், ஒரு கண் மட்டும் உள்ள துண்டுகளாக வெட்டி, குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பி வளர்த்து, 30 முதல் 40 நாளில் எடுத்து நடுவது. ஒரு கண்ணில் ஒரு முழுச் செடி அடங்கியிருக்கிறது என்ற ஒரே உண்மையை நம்பித்தான் இந்த முறையே நிற்கிறது. நாற்றைப் பராமரிக்க ஆள் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் முதல் வருடம் பழைய முறையே நல்லது.

தாய்க்கிழங்கை நடுவதா விரலை நடுவதா என்று எங்கள் பக்கம் இன்னும் வாதம் நடக்கிறது. தாய்க்கிழங்கில் சேமிப்பு அதிகம், முளை கொழுகொழுவென்று வரும். ஆனால் எடை கூடுவதால் விதைச் செலவும் கூடும். என்னைக் கேட்டால், புதியவர்கள் நல்ல கெட்டி விரலையே நடலாம்.

மஞ்சள் வளரட்டும், மற்றவற்றில் கண்ணைத் தேடுவோம்

வாழையில் தொடங்குவோம். கோபி, சத்தியமங்கலம், தொண்டாமுத்தூர்ப் பக்கம் போனால் வாழைத்தோப்பாகத்தான் இருக்கும். வாழை மரம் என்கிறோம், அது மரமுமில்லை, நிற்பது தண்டுமில்லை. மஞ்சள் போலவே இலையுறைகள் சேர்ந்து நிற்கும் பொய்த்தண்டு. உண்மைத் தண்டு மண்ணுக்குள் இருக்கும் கட்டை. அந்தக் கட்டையின் கண்ணிலிருந்து வருவதுதான் பக்கக் கன்று. வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவதே இந்தத் தொடர்ச்சியைப் பார்த்துத்தான்.

கன்று எடுக்கும்போது இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று, இலை அகன்று விரிந்து, பார்க்க அழகாக இருக்கும் நீர்க்கன்று. இன்னொன்று, இலை குறுகி வாள் போல நிமிர்ந்து, அடி பருத்திருக்கும் ஈட்டி இலைக் கன்று. புதியவர்கள் எல்லோரும் முதல் வகையைத்தான் தொடுவார்கள். எடுக்க வேண்டியது இரண்டாவது. அது தாய்க்கட்டையோடு ஆழமாக ஒட்டியிருந்து, சேமிப்பைக் கட்டையில் போட்டு வைத்திருக்கிறது. நீர்க்கன்று மேலோட்டமாக ஒட்டி, அவசரப்பட்டு இலை விட்டுவிட்டது. ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள கட்டையாகப் பார்த்து, வேரையும் அழுகிய பகுதியையும் சீவிவிட்டு நடுங்கள். சீவும்போது உள்ளே கறுத்த சுரங்கம் தெரிந்தால் கூன்வண்டு குடைந்த கட்டை, வேண்டாம். முடிக்கொத்து நோய் வந்த தோப்பில் ஒரு கன்றுகூட எடுக்காதீர்கள். நோய் தெரியாத கன்றிலும் அந்த வைரஸ் உள்ளே இருக்கலாம்.

சேனையை வெட்டத் தெரியாமல் வெட்டினால் பாதி முளைக்காது. முழுச் சேனையைத் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். நடுவில் ஒரு பள்ளமும் அதைச் சுற்றி ஒரு வளையமும் இருக்கும். முளை அங்கேதான். நடுக்கண் இருக்கும் வரை அது மற்றக் கண்களை எழவிடாது. அதனால் முழுதாக நட்டால் பெரும்பாலும் ஒரே முளைதான். வட்டம் வட்டமாகக் குறுக்கே நறுக்காமல், முலாம்பழம் பிளப்பது போல மேலிருந்து கீழாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் அந்த வளையத்தின் ஒரு பகுதி இருக்க வேண்டும். துண்டு அரைக் கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். சாணிக் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்றடிக்கு ஒரு குழியில் வையுங்கள். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுங்கள். சேனைக்குள் ஊசி ஊசியான படிகங்கள் உண்டு, அரிப்பு அதனால்தான்.

மூலனூர், தாராபுரம் பக்கம் ஆடி, ஆவணியில் கம்பிப் பந்தலில் ஏறி நிற்கும் கண்வலிக்கிழங்கைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் செங்காந்தள், நம் மாநில மலர். அதன் கிழங்கு கவையாக, கலப்பை மாதிரி இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். மஞ்சளில் ஒரு கண் போனால் அடுத்த கண் இருக்கிறது. இதில் அந்த வசதி கிடையாது. முளை கவையின் நுனியில்தான் இருக்கிறது, நுனி ஒடிந்தால் அந்தக் கவை வீண். அதனால்தான் விவரமானவர்கள் இதை மூட்டையில் திணிக்காமல், முட்டை அடுக்குவது போல மணலில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். இதன் விதையிலிருந்தும் செடி வரும். ஆனால் நடும் அளவுக்குக் கிழங்கு தேற வருடங்கள் ஆகும். ஒன்று கவனம்: இதில் கொல்ச்சிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளும் ஆடு மாடும் இருக்கும் வீட்டில், மாடியில் அழகுக்கு வைக்க இந்தச் செடி வேண்டாம் என்பதே என் கருத்து.

சின்ன வெங்காயம் எளிது. பல்லடம், பொங்கலூர்க் காட்டில் பட்டறை போட்டு, அதாவது காற்றாடச் சேமித்து வைத்திருக்கும் விதைக்காயில் ஒன்றை எடுத்து நெட்டுக்குத்தாகப் பிளந்து பாருங்கள். நாம் சமைக்கும் சதை முழுவதும் இலையின் அடிப்பாகம். தண்டு என்பது அடியில் வேர் ஒட்டியிருக்கும் சின்னத் தட்டு மட்டும்தான். அந்தத் தட்டின் மேல் உள்ள கண்கள் ஒவ்வொன்றும் தனிக்காயாகப் பிரிவதால்தான் ஒன்றை நட்டால் ஒரு கொத்து கிடைக்கிறது. தட்டைச் சீவிவிட்டு நட்டால் ஒன்றும் வராது. புதுக்காயை உடனே நடாமல் இரண்டு மாதம் ஆறவிட்டு நடுங்கள், தூக்கம் கலைந்த பிறகுதான் சீராக முளைக்கும்.

உருளையில் கண் எல்லோருக்கும் தெரியும். பச்சை கட்டியதைச் சமைக்க வேண்டாம் என்பது தவிர அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது குளிர் கேட்கும் பயிர், நீலகிரியில் செய்யட்டும்.

கோரை: இதே வித்தை நமக்கு எதிராக

தோட்டத்துக்குப் புதியவர்களை முதலில் அழவைப்பது கோரைதான். பிடுங்கினால் புல் கையோடு வந்துவிடும், பத்து நாளில் அதே இடத்தில் மறுபடி நிற்கும். ஒரு கோரையை மட்டும் மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி, மண்ணை உதறிப் பாருங்கள். கறுப்பு மணி மணியாகக் கிழங்குகள், ஒவ்வொன்றையும் அடுத்ததோடு சேர்க்கும் மெல்லிய தண்டு. கோத்த சரம் போல இருக்கும். சரம் முழுதாக இருக்கும்போது நுனி மட்டும் முளைத்து, மற்ற மணிகள் தூங்கும். கொத்தியோ, ரோட்டவேட்டர் ஓட்டியோ சரத்தை அறுத்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக எழும். சேனையை வெட்டி நடுகிறோமே, அதே வேலையைக் கோரைக்கு நாமே செய்து கொடுக்கிறோம்.

கோரைக்கிழங்கு பயப்படுவது வெயிலில் காய்ந்துபோவதற்கு. கத்திரி வெயிலில் ஈரமில்லாத மண்ணைக் கலப்பையால் ஆழப் புரட்டி, கிழங்கை மேலே கொண்டுவந்து இரண்டு வாரம் காயவிடுங்கள். மறுபடி ஒரு முறை புரட்டுங்கள். முடிந்தவரை பொறுக்கி வெளியே போடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். எங்கள் காட்டில் தொடர்ந்து மூன்று கோடை இப்படிச் செய்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அருகும் இதே கதைதான். அருகுபோல் வேரோடி என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோம், ஓடுவது வேரல்ல, தண்டு.

நம் பகுதியில் இத்தனை செடிகள் மண்ணுக்குள் ஒளிந்து வாழ்வதற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம். மழை பெய்யும் காலம் கொஞ்சம், காய்ந்து கிடக்கும் காலம் நீளம். மேலே உள்ளதைக் காயவிட்டு, சோற்றோடு கீழே தூங்கி, அடுத்த மழைக்கு எல்லோருக்கும் முந்தி எழுவது இந்தச் செடிகளின் உத்தி.

கார்த்திகையில் கயிறு கட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். அடுத்த வருட விதையை அறுவடையின்போது தேர்ந்தெடுக்காதீர்கள். பயிர் பச்சையாக நிற்கும்போதே தேர்ந்தெடுங்கள்.

சில வருடத்துக்கு முன் எங்கள் விதை போதாமல், வெளியில் விலை குறைவாகக் கிடைத்த விதை மஞ்சளை வாங்கி அரை ஏக்கர் நட்டேன். பார்க்கக் கெட்டியாகத்தான் இருந்தது, கண்ணும் நன்றாக இருந்தது. ஐப்பசி மழையில் அங்கங்கே இலையோரம் மஞ்சளடித்தது. ஒரு தூரை லேசாக இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு கூழாகி, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். கிழங்கழுகல். வடிகால் சரியில்லாத பள்ளம் என் தவறு, ஆனால் பூசணம் பெரும்பாலும் விதையோடுதான் வந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே சொந்த விதை நட்ட இடத்தில் அவ்வளவு பாதிப்பில்லை. அந்தக் கிழங்கைத் தந்த செடி எப்படி நின்றது என்று நான் பார்க்கவேயில்லை. அம்மிச்சி இருந்திருந்தால், கண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அது வந்த காட்டையும் பார் என்று சொல்லியிருப்பார்.

தை, மாசியில் மஞ்சள் வெட்டும்போது இலையெல்லாம் காய்ந்து சாய்ந்திருக்கும். எந்தச் செடி நோயில்லாமல் இருந்தது, எது இலைப்புள்ளியில் கருகியது என்று அப்போது தெரியாது. அதனால் கார்த்திகையில் காட்டைச் சுற்றி வாருங்கள். தூர் அதிகம் கட்டி, இலை கரும்பச்சையாக, புள்ளியில்லாமல் நிற்கும் செடிகள் இருக்கும் பக்கத்தில் குச்சி நட்டுப் பழைய சேலைத் துணியைக் கட்டிவிடுங்கள். தனித்தனிச் செடியாக இல்லாமல் நாலைந்து பாராகச் சேர்த்துக் குறித்தால் வெட்டும்போது எளிது. அழுகல் கண்ட இடத்துக்குப் பக்கத்தில், செடி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கட்ட வேண்டாம். பையில் வளர்ப்பவர்கள் பையிலேயே கட்டலாம்.

குறித்த பகுதியைக் கடைசியாக வெட்டுங்கள். மேல்தாள் முழுக்கக் காய்ந்து, கிழங்கு முற்றியிருக்க வேண்டும். இளங்கிழங்கு சீக்கிரம் சுருங்கிவிடும். மண்ணை உதறினால் போதும், கழுவாதீர்கள். தாய்க்கிழங்கும் விரலும் தனியாக, காயம் பட்டதை எல்லாம் வேகவைக்கும் பக்கம் ஒதுக்கிவிட்டு, மரநிழலில் மேடான இடத்தில் குவியுங்கள். மேலே மஞ்சள் தாளைக் கனமாகப் போர்த்தி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுங்கள். கொஞ்சம் காற்றுப் போக உச்சியில் வழி விடுங்கள். பையிலிருந்து எடுத்த நாலைந்து கிழங்குக்கு இவ்வளவு தேவையில்லை. மண்பானையில் உலர்ந்த மணலைப் போட்டுப் புதைத்து, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். குளிர்பெட்டி வேண்டாம்.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுவென்று சூடு தெரிந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ எங்கோ ஒன்று அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சோம்பல் பார்க்காமல் அன்றே பிரித்து, அழுகியதையும் அதைத் தொட்டுக்கொண்டிருந்ததையும் எடுத்துவிட்டு, மீதியை ஒரு நாள் நிழலில் பரப்பி உலர்த்தி, மறுபடி மூடுங்கள். பங்குனி, சித்திரையில் எலி வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வைகாசியில் பிரிக்கும்போது நுனிக்கண் அரை விரல்கடை நீளத்துக்கு வெளிறிய முளையாக நின்றால் அது நடவுக்குத் தயார். அந்த முளை கை பட்டாலே ஒடியும், கூடையில் கொட்டாமல் அடுக்குங்கள்.